பதினேழாம் நம்பர் முத்திரை

தடுப்பூசி மருந்தைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்ட குழந்தைக்குக் குதிரையின் குணம் வந்துவிடும் என்று நான் நம்பினேன்.

சிரியுங்கள். போன வாரம் இதே பக்கத்தில் வந்த என் சைக்கிள் கதைக்குச் சிரித்த மாதிரியே இதற்கும் சிரியுங்கள். நான் ஒன்றும் எழுதப் படிக்கத் தெரியாதவன் இல்லை. டிப்ளமா படித்தவன். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் "தூக்கிப் போடு" என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன். அப்படிப்பட்டவன், பக்கத்து வரிசை வீட்டில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு பொடியன் கொள்ளுச் சுண்டலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க நிம்மதியில்லாமல் திரிந்தேன்.

அந்தப் பயம் கொண்டுபோய் விட்ட இடம் எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை. எண்பதுகளின் கடைசிப் பக்கம். ஜூன் மாதக் காலை.

வசந்தா, என் மனைவி, குழாயடியில் குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். மகள் கலா, இரண்டரை வயது, புது கவுன் போட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போகத் தயாராகத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அடுப்பு மேடையில் அவளுடைய தடுப்பூசி அட்டையை விரித்து வைத்திருக்கிறேன். என் டிபன் கேரியரின் கீழ் அடுக்கைத் திறக்கிறேன். உள்ளே சாதம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த ரப்பர் முத்திரை. வட்டமான முத்திரை, நடுவே பதினேழு என்று என் இன்ஸ்பெக்ஷன் நம்பர்.

முத்திரையின் மேல் 'ஹா' என்று ஊதினேன். காய்ந்த மை ஈரமாயிற்று. அட்டையில் தட்டம்மை என்று போட்டிருந்த கட்டம் காலியாக இருந்தது. அதில் வைத்து அழுத்தினேன்.

ஊதா நிறத்தில் அழகாக விழுந்தது. சோதிக்காமலே என் மகளை நான் பாஸ் செய்துவிட்டேன்.

நூற்றில் பத்து

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூறு போல்ட் ஒரு லாட்டாக வந்தால் நூறையும் நாங்கள் அளக்க மாட்டோம். பத்தை எடுத்து அளப்போம். பத்தும் சரியாக இருந்தால் சீட்டில் முத்திரை குத்துவோம். மீதித் தொண்ணூறும் அளக்கப்படாமலே பாஸ். அது திருட்டுத்தனம் இல்லை, முறைப்படி வகுத்த கணக்கு.

அந்தக் கணக்கை நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் திருட்டுத்தனம். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. எல்லோரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிடுகிறவர்கள். அவர்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு ஊசி போடாமலா இருப்பார்கள்? சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டாகிவிட்டது என்றால், நோய் எந்த வழியாக என் வீட்டுக்குள் வரும்? என் மகள் அளக்காமல் விட்ட தொண்ணூறில் ஒருத்தி. இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வீங்கிய தொடை

நான் பிறவியிலேயே ஊசிக்கு எதிரி இல்லை. கலாவுக்கு ஒன்றரை மாதத்தில் முதல் ஊசியை நானும் வசந்தாவும் சேர்ந்து போய்த்தான் போட்டுவந்தோம். அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல். தொடையில் ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிவிட்டது. தொட்டால் வீறிட்டாள். நான் கைலியோடு, செருப்புகூட இல்லாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். வழியில் ஒரு நாய் என்னைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியது.

டிஸ்பென்சரியில் ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கனத்த குரல். குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையைவிட எனக்குத்தான் அதிகமாகச் சுடுகிறது என்றார். ஈரத்துணி போடச் சொன்னார். இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது.

குழந்தைக்கு வடிந்தது. எனக்கு வடியவில்லை. அந்த வீறலைக் காதில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அடுத்த இரண்டு தடவையும், மூன்றாம் மாதமும் நாலாம் மாதமும், 'ஷிப்ட் இருக்கு' என்று சொல்லி வசந்தாவைத் தனியாக அனுப்பினேன்.

அந்த நேரத்தில்தான் தாஸ் வந்து சேர்ந்தான். எனக்குப் பக்கத்து மேஜைக்காரன், நூம்பலிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவன். கான்டீனில் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே விஷயத்தை அவிழ்த்தான்.

"மாமே, உனுக்கு விசயமே தெரியாதா? என் மச்சான் கண்ணால பாத்துக்கிறான். சர்க்கார் கொட்டாய்ல வரிசையா குதிரைங்க கட்டிக்கீது. கய்த்துல ஊசிய சொருவி ரத்தம் எடுத்துகினே கீறாங்க. அத்த வடிகட்டித்தான் புள்ளைங்களுக்குப் போட்றது."

"போட்டா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவுமா? குதிர ரத்தம் உள்ள போனா சும்மா கீமா?"

என்ன ஆகும் என்று அவன் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். சொல்லாமல் விட்ட இடத்தை என் மண்டையே நிரப்பிக்கொண்டது. பாம்புக்கடி மாதிரி சிலவற்றுக்குப் போடும் மருந்துக்குத்தான் குதிரை, குழந்தைகளின் தடுப்பூசிக்கு இல்லை என்று பின்னால் சிஸ்டர் சொன்னார். ஒரு நிமிஷ விளக்கம். அந்த ஒரு நிமிஷத்தைப் போய்க் கேட்டு வாங்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

பிளாஸ்திரி

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி. வசந்தாவுக்கு அன்று முதுகுவலி. நான் கூட்டிப் போகிறேன் என்று வீரமாகக் கிளம்பினேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள். உள்ளே போகிற ஒவ்வொன்றும் வீறிட்டது. என் தோளில் கலா என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு, உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

வரிசையைவிட்டு நழுவினேன். மருந்துக் கடையில் ஒரு பிளாஸ்திரி வாங்கி அவள் கையில் ஒட்டினேன். ஒரு பலூனும் வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். அட்டையில் பிறகு எழுதித் தருவார்களாம் என்று சொன்னேன்.

"அழவே இல்லையா?" என்றாள் வசந்தா, பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே.

"யார் பொண்ணு?" என்றேன்.

அந்தத் திமிரைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோழிக்கூடைக்குள் நான்

இது எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் இல்லை. நெமிலிச்சேரியில் நான் பிள்ளையாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் வந்தால் ஊரே ஓடும். என் அப்பா என்னைக் கோழி அடைக்கும் கூடையைக் கவிழ்த்து அதற்குள் ஒளித்து வைத்தார். உள்ளே ஏற்கெனவே ஒரு கோழி இருந்ததை அவர் யோசிக்கவில்லை. கோழி கத்தியது, நானும் கத்தினேன். அம்மை குத்துகிறவர் கூடையைத் தூக்கி, கோழியை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். அன்று குத்திய தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

வேடிக்கை அதுவல்ல. என்னை ஒளித்து வைத்த என் அப்பாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர். கூடப் பிறந்த இரண்டு பேர் அதிலேயே போய்விட்டார்கள். அந்த முகத்தோடுதான் அவர் ஊசிக்குப் பயந்து ஓடினார். நோயை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ஊசியைப் பற்றிக் கேள்விதான் பட்டிருந்தார். எங்கள் வம்சத்தில் கண்ணைவிடக் காதுக்குத்தான் மரியாதை.

கேட்டில் நான் கனைத்த கனைப்பு

ஏறக்குறைய இரண்டு வருஷம் போயிற்று. பால்வாடியில் சேர்க்க வேண்டுமானால் தடுப்பூசி அட்டை கட்டாயம் என்று தொழிற்சாலை நலப்பிரிவிலிருந்து ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதைப் பார்த்ததும் ஆம்பளைகளுக்கு வந்த ரோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஷிப்ட் முடிந்து கேட்டில் கூட்டம். நம் பிள்ளைக்கு என்ன செய்வது என்று ஆபீஸ் எப்படிச் சொல்லலாம் என்று ஒருவர் முழங்கினார். கட்டாயம் என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்றார் இன்னொருவர். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்த கதை அந்தக் கூட்டத்தில் பல பேருக்கு நேரிலேயே தெரியும். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எங்கள் சோம்பலையும் பயத்தையும் அதற்குள் குடிவைத்தோம். இரும்பு முனை வைத்த பூட்ஸ் கட்டாயம், போட்டோம். அடையாள அட்டை கட்டாயம், மாட்டிக்கொண்டோம். பிள்ளையைக் காப்பாற்றுவது கட்டாயம் என்றபோது மட்டும் எங்களுக்கு உரிமை ஞாபகம் வந்தது.

எங்களுக்கு என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். எனக்கு.

ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் சிமென்ட் பெஞ்சின் மேல் ஏறி நின்றது நான்தான். தாஸின் குதிரைக் கதையைக் கை, கால், மூக்கு வைத்துச் சொன்னேன். கடைசியில் தலையைத் தூக்கிக் கனைத்தேன். கேட் அதிர்ந்தது. செக்யூரிட்டிக்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் முதல் தொழிற்சாலையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கனைத்தார்கள். நான் தலைவன் மாதிரி கையசைத்தேன்.

சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் டிபன் கேரியரில் முத்திரையைக் கொண்டுவந்தேன். பால்வாடி டீச்சர் அட்டையைப் பார்த்தார். ஊதா மை, வட்டம். சேர்த்துக்கொண்டார்.

ஊசி போட்டும் வந்துச்சே

தை மாதம். கலாவுக்குச் சளி, கண் சிவப்பு, லேசான காய்ச்சல். பனிக்காலம்தானே என்று விட்டுவிட்டோம். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பாண்டியன் வீடு. மதுரைப் பக்கத்துக்காரர், வெல்டர். அவர் மனைவி தனம் இடுப்பில் ஏழு மாதக் கைக்குழந்தையோடு வந்து கலாவுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டுப் போனாள். கலா அந்தக் குழந்தையைக் கொஞ்சினாள். சுதாகர் என்று பெயர். கலா கைதட்டினால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

இரண்டு நாள் கழித்துக் கலாவின் காதுக்குப் பின்னாலிருந்து சிவப்புத் தடிப்பு இறங்கியது. மணல்வாரி, அட்டையில் நான் முத்திரை குத்திய அதே தட்டம்மை. வசந்தா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது. யாரும் நோய் என்று சொல்லவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். அந்த வாரத்துக்குள் எங்கள் வரிசையில் இன்னும் மூன்று வாசல்களில் வேப்பிலை.

கலாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் சளி. ஸ்டெல்லா சிஸ்டர் வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து, டாக்டரை வரவழைத்து, மருந்து கொடுத்தார். நான் மூலையில் நின்றுகொண்டு, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாருக்கும் வேண்டிக்கொண்டிருந்தேன். பிளாஸ்திரி விஷயம் தொண்டைவரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

வசந்தா கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"ஊசி போட்டும் வந்துச்சே, எப்படிங்க?"

என்னிடம் கேட்டதோடு நிற்கவில்லை. குழாயடியிலும் கேட்டாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊசி போட்ட பிள்ளைக்கே வருகிறதாம், பிறகெதற்கு ஊசி என்று பேச்சு கிளம்பியது. அந்த வாரம் டிஸ்பென்சரியில் ஊசி போட வரவேண்டிய தாய்மார்களில் பாதிப் பேர் வரவில்லை. தாஸின் குதிரைக்கு எங்கள் ஆபீஸ் கேட்வரைதான் ஓடத் தெரிந்தது. என் பொய் வீடு வீடாகப் போயிற்று, அதுவும் என் மனைவியின் நாக்கில் ஏறிக்கொண்டு.

பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? சிஸ்டர் ஐஸ் பெட்டியைச் சரியாக வைக்காமல் மருந்தைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு மனு போயிற்று. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். பையில் ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு பட்டாபிராம் வரை நடந்த பெண்மணிக்கு.

நாலு அட்டை

நலப்பிரிவு அதிகாரி விசாரிக்க வந்தார். ஊசி போட்டதாகச் சொல்லியும் மணல்வாரி வந்த நாலு பிள்ளைகளின் அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். டிஸ்பென்சரி வராந்தாவில் மேஜை. வசந்தா கலாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். குழந்தையின் தோல் தவிடு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. பாண்டியனும் தனமும் அங்கே இல்லை. சுதாகருக்கும் மணல்வாரி கண்டு, காய்ச்சல் தலைக்கேறி, இரண்டு நாளாக நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

சிஸ்டர் கலாவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் முத்திரையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது நீளச் சதுரம்.

"இது நான் போட்டது இல்ல சார். பதினேழுன்னு போட்டிருக்கு. எனக்குத் தெரியல."

வசந்தாவுக்குத் தெரியும். எங்கள் கல்யாணப் புதிதில், என் முத்திரையைப் பற்றி நான் அடித்துக்கொள்ளாத பெருமை இல்லை. பதினேழு குத்தினால் பட்டாளமே நம்பும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் சிஸ்டர் வேலையிழந்து வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு நிமிஷம் அப்படி இருக்கத்தான் போகிறேன் என்று நினைத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

"சார், அது என்னோடது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அதிகாரி அடுத்த அட்டையைப் புரட்டினார். வட்டம். ஊதா. ஒன்பது. அதற்கடுத்ததில் இருபத்துமூன்று. கடைசியில் நாலு. எங்கள் பிரிவின் ஆட்கள் நாலு பேர் அந்த மேஜைமேல் இருந்தார்கள். ஒவ்வொருவரும், மற்ற எல்லோரும் போட்டிருப்பார்கள் என்று நம்பியிருக்கிறோம். ஒரே லாட்டில் அளந்த பத்து என்று ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் நம்பர்க்காரர் அழுதுகொண்டே சொன்னார்: "அண்ணாத்தே கேட்டாண்ட சொன்னதுலேர்ந்து எங்க ஊட்ல ஒரே பயம் சார்."

அண்ணாத்தே என்றது என்னை.

சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. முத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வசந்தாதான் கேட்டாள்.

"அப்ப அந்த பிளாஸ்திரி?"

"கடையில வாங்குனது."

அவள் கலாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சிஸ்டரின் மெமோவை ரத்து செய்தார்கள். எனக்கும் மற்ற மூவருக்கும் குற்றப்பத்திரிகை வந்தது. என்ன குற்றம் தெரியுமா? அரசாங்கச் சொத்தான ரப்பர் முத்திரையை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துச் சென்றது. அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்தக் காகிதத்தை வாங்கும்போது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு ரப்பர் துண்டுக்கு இருந்த மதிப்பு கலாவுக்கு இல்லை, சுதாகருக்கு இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். சென்ற தடவை திருமழிசை பஸ் நிறுத்தத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ஒருவர் பிள்ளையை வேட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சும்மா குட்க்கிறான்னா அதுல இன்னாவோ கீது" என்று என்னிடம் கண்ணடித்தார். வழக்கமாக யாராவது கண்ணடித்தால் நானும் அடிப்பேன். அன்று அவரைக் கையைப் பிடித்து மேஜைவரை இழுத்துக்கொண்டு போனேன். என்னைப் பைத்தியம் என்றார். ஆனால் அவர் பிள்ளை சொட்டு மருந்தைச் சப்புக்கொட்டி முழுங்கியது.

கதையில் மீதி இருப்பது கொஞ்சம்தான். பாண்டியன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். சுதாகருக்கு ஒன்பது மாதம் முடிகிற தேதியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார்கள்.

"நாங்க தேதிக்குக் காத்துக்கிட்டுத்தானேண்ணே இருந்தோம்" என்றார்.

அந்த வட்டத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. கலா பிழைத்துவிட்டாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சுதாகரும் பிழைத்தான். அவனுக்கு இரண்டு காதும் கேட்காது.